கிபோங் உட்கார்ந்த இடம்

மான்சுன் அக்காவுக்குக் குளிரென்றால் பயம். அவள் வீட்டுக்காரர் கிபோங் அண்ணனுக்குக் காற்றென்றால் பயம். ஜேஜு தீவில் கமலா ஆரஞ்சு போட்டுப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். எனக்கு இரண்டுமே உண்டு. ஆனால் அதை வைத்து நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. அவர்கள் போட்டார்கள். மகள் ஹேயோன் சிறுமியாக இருந்தபோது தொடங்கிய சண்டை, அவள் வளர்ந்து, படித்து, சியோலுக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமும் ஆன பிறகும் ஓயவில்லை. எங்கள் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருப்பது இடுப்புயரக் கருங்கல் மதில் மட்டும்தான், அதனால் எல்லாம் என் காதில் விழும். விழாவிட்டாலும் நான் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன்.

அக்கா குட்டையானவள். நடையில் எப்போதும் ஒரு அவசரம். பழம் பறிக்கும் காலத்தில் அவள் கத்தரிக்கோல் போடும் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். காம்பை மரத்திலிருந்து ஒரு வெட்டு, பிறகு பழத்தோடு ஒட்டி இன்னொரு வெட்டு. இரண்டாவது வெட்டை விட்டால் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும், பெட்டி முழுக்க அழுகும். எங்களில் பலர் பேச்சு மும்முரத்தில் அந்த இரண்டாவது வெட்டை மறப்போம். அக்கா பேசிக்கொண்டே வெட்டுவாள், திட்டிக்கொண்டே வெட்டுவாள், ஒருநாளும் மறந்ததில்லை.

அவள் பிறந்தது மலைப்பக்கத்து ஊர். கல்யாணமாகி வரும்போது மற்ற பெண்கள் மெத்தையும் அலமாரியும் கொண்டுவந்தார்கள். இவள் அப்பா தோட்டத்து மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமியார் வீட்டில் சிரித்தார்களாம். கிபோங் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்தின் கீழ்க்கோடியில், மண் ஆழமான தாழ்ந்த மூலையில், முள் ஆரஞ்சுச் செடிகளின்மேல் தன் கையாலேயே அத்தனையையும் ஒட்டுக்கட்டிக் கொடுத்தார். எல்லாம் பிழைத்தன. மெல்லிய தோல், விரல் வைத்தாலே உரிந்து வரும் பழம். பின்னால் அவள் அப்பாவின் தோட்டத்தை நெடுஞ்சாலை எடுத்துக்கொண்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அக்காவுக்கு மிச்சம் இருந்தது அந்தத் தாழ்ந்த மூலைதான்.

அந்த மூலைக்கு வந்த முதல் ஆபத்து குளிரில்லை, காற்று. ஒரு புரட்டாசிப் புயல் கடல் பக்கமிருந்து, தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையின் வழியாக ஏறி வந்து தோட்டத்தில் பாதியை முறித்துப் போட்டது. கிபோங் அண்ணன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மரமும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அதன் பிறகு அவர் கடல் தாண்டிக் கொரியப் பெருநிலத்துக்குப் போய்க் கட்டட வேலை செய்து பணத்தோடு திரும்பினார். வந்ததும் செய்த முதல் காரியம், தோட்டத்தின் கீழ் எல்லை நெடுக தேவதாருக் கன்றுகளை நெருக்கி நெருக்கி நட்டது. இனி இந்தத் தோட்டத்துக்குள் காற்று நுழையாது என்று ஊர்க் கடையில் நின்று சத்தியம் செய்தாராம். அவர் சொன்னது பொய்யாகவில்லை. தேவதாருக்கள் வளர்ந்து சுவர்போல் நின்றன. எத்தனையோ புயல்கள் அவற்றில் மோதித் திரும்பின. என் மரங்களும் அந்த மறைவில்தான் பிழைத்தன. இதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள்.

ஆனால் குளிர் வேறு மாதிரி. அது தண்ணீரைப் போல மலையிலிருந்து சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். முன்பெல்லாம் கீழ்மதிலின் கல்லிடுக்குகள் வழியாக அது ஓடைக்குப் போய்விடும். தேவதாருக்களின் கீழ்க்கிளைகள் பாவாடைபோல் தரையில் பரவி மதிலை மூடியதும் வழி அடைபட்டது. குளிர்காலம் வந்தால் அக்காவின் மரங்களில் இலைகள் கருகும். கடுமையான வருஷத்தில் கிளைகளே காயும். மேட்டிலிருந்த மரங்களுக்கு ஒன்றும் ஆகாது.

கீழ்க்கோடியில் நாலைந்து தேவதாருவை வெட்டிவிடுங்கள், குளிர் போகட்டும் என்பாள் அக்கா. அந்த வழியில் குளிர் போகும், அதே வழியில் காற்று வரும் என்பார் அண்ணன். இருவர் சொல்வதும் சரி. சண்டை தீராததற்குக் காரணமே அதுதான்.

எங்கள் தீவில் மரம் வெட்ட, வீடு மாற, சுவர் இடிக்க, எல்லாவற்றுக்கும் ஒரே வாரம்தான். சின்குகான் என்போம். குளிர்காலத்தின் கடைசியில் பழைய தெய்வங்கள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மேலே போயிருக்கும், புதியவை இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அதிகாரி மாற்றலாகிப் போனபின் ஆபீஸ் காலியாகக் கிடக்குமே, அதுபோல. அந்த வாரத்தில் எதைத் தொட்டாலும் கேட்க ஆளில்லை. மற்ற நாளில் மண்வெட்டியைத் தப்பான இடத்தில் போட்டாலும் வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். ஆனால் நானும் அந்த வாரத்தில்தான் வீடு மாறினேன்.

அக்கா முழுக்க நம்பினாள். மற்ற நாட்களில் அவள் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கமாட்டாள் என்று கிபோங் அண்ணனுக்குத் தெரியும். அந்த ஒரு வாரம்தான் அவளை நம்ப முடியாது. ஆகவே அந்த வாரம் முழுக்க அவர் காவலிருப்பார். ஊரே பாத்திரத்தையும் படுக்கையையும் வண்டியில் ஏற்றி இடம் மாறும்போது அவர் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டார். தாழ்ந்த மூலையை ஒட்டி நின்ற தேவதாரு ஒன்றின் கீழ்க்கிளைகளை ஒடித்து, அதன் பின்னாலிருந்த கீழ்மதிலிலிருந்து சில கற்களை உருவிப் போட்டு, மேலே வைக்கோல் அடைத்த உரச்சாக்கைப் பரப்பி ஓர் இருக்கை செய்திருந்தார். தேவதாருவில் முதுகைச் சாய்த்து, தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மதியமானால் அக்கா வருவாள். ஒரு கையில் கைரம்பம், மறு கையில் சாப்பாட்டு டப்பா. அந்த ரம்பத்தால் தேவதாருவை அறுக்க வேண்டுமென்றால் அடுத்த சின்குகான் வந்துவிடும். இருந்தும் அதைக் கொண்டுவருவாள். மஞ்சள் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்வாள்.

“இன்னிக்கு எந்த மரம்?” என்பார் அவர்.

“உங்க முதுகுக்குப் பின்னால இருக்கறதுதான்.”

“அப்ப என்னையும் சேர்த்துல்ல அறுக்கணும்.”

“முதல்ல சாப்பிட்டு முடிங்க. வெறும் வயித்துக்காரரை அறுத்த பாவம் எனக்கு வேண்டாம்.”

முள்ளங்கி வைத்துச் சுருட்டிய மெல்லிய தோசை, நெத்திலி ஊறுகாய், பார்லிச் சோறு. வெயில் சாயும்வரை இருவரும் அங்கேதான். பறிப்பு, உரம், மருந்தடிப்பு என்று வருஷம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறவர்கள். எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த வாரத்தில் மட்டும்தான். இதற்குப் பெயர் சண்டையென்றால் என் வீட்டில் நடந்ததற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பறிப்பு முடிகிற நேரத்தில், லாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிபோங் அண்ணன் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சொகுவிப்போ ஆஸ்பத்திரியில் அறுவை செய்து படுக்கவைத்தார்கள், வசந்தம் வரை எழக்கூடாது என்றார்கள். அக்கா தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி அவர் சொல்லும் குறையை அவளும், அவள் வந்ததும் என்னிடம் சொல்லும் குறையை நானும் கேட்டோம்.

அந்தக் குளிர்காலம் ஆரம்பத்திலேயே பல்லைக் காட்டியது. தை பிறந்ததும் ஒரு உறைபனி விழுந்து தாழ்ந்த மூலையில் இலை விளிம்பெல்லாம் பழுப்பாகிவிட்டது. சின்குகான் தொடங்கிய அன்று டிவியில், வாரக் கடைசியில் பல வருஷங்களாகப் பார்க்காத குளிர் வருகிறது, வீட்டுக் குழாய்களைத் துணி சுற்றி மூடுங்கள் என்று சொன்னார்கள். ஏற்கெனவே அடிபட்ட மரங்கள். இன்னொரு அடி விழுந்தால் ஒட்டுக்கட்டிய இடம்வரை காய்ந்துபோகும். அதற்குக் கீழே முள் ஆரஞ்சுதான் துளிர்க்கும். அக்காவின் அப்பா மரம் அத்தோடு முடிந்தது. மடியில் வைத்துக் கொண்டுவர இனி எங்கும் ஒரு குச்சிகூடக் கிடையாது.

நான்தான் அவளிடம் போய்ப் பேசினேன். “அக்கா, தெய்வமும் ஊர்ல இல்ல, அண்ணனும் ஊர்ல இல்ல. இப்ப வெட்டலன்னா எப்பவுமே வெட்டப் போறதில்ல. என் மகன் இல்தோகிட்ட மெஷின் ரம்பம் இருக்கு. நாளைக்கு வரச் சொல்றேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, அந்த மறைவு போனால் புயல் காலத்தில் என் மரங்கள் என்ன ஆகும் என்று என் கண் அந்த வரிசைக்குத்தான் போனது. அக்கா பிடிகொடுக்காமல் மகளுக்குப் போன் போட்டாள். ஹேயோன் போனில், வெட்டிவிடு அம்மா, அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றாளாம். அதைக் கேட்டதும் அக்காவின் முகம் இன்னும் வாடிப்போனது.

மறுநாள் மதியம் நானும் இல்தோவும் ரம்பத்தோடு போனபோது அக்கா கிபோங் அண்ணனின் இடத்தில், அந்த உரச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு சாப்பாட்டு டப்பா.

“யாருக்குக்கா இன்னொண்ணு?”

அவள் டப்பாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. “கை பாட்டுக்குக் கட்டிடுச்சு” என்றாள். “கால் பாட்டுக்கு இங்க வந்துடுச்சு.” பிறகு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அவள் அப்பா செத்தபோதுகூட. ரம்பத்தின் கயிற்றை இழுக்கப்போன இல்தோவை முறைத்துக் கையைக் கீழே போடச் சொன்னேன்.

“அவர் இருக்கும்போது வெட்டினா அது சண்டை” என்றாள் அக்கா. “இல்லாதப்ப வெட்டினா திருட்டு. ஆனா வெட்டலன்னா எங்கப்பா மரம் போயிடும். நான் என்ன பண்ண, இல்தோ அம்மா?”

பதில் இல்லாதபோது நான் சாப்பிடுவேன். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து அண்ணனின் டப்பாவைத் திறந்தேன். இல்தோவுக்கும் ஒரு தோசை கொடுத்தேன். அக்கா சாப்பிடவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில்லாத நாள். மலையில் பனி கட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். “இங்க மட்டும் ஏன் இப்படிச் சில்லுனு போகுது?” என்றாள். நான் அவள் கால்பக்கம் கையை வைத்தேன். உண்மைதான். தோட்டத்திலிருந்து தரையோடு தரையாகக் குளிர் வந்து, அவள் கணுக்காலைத் தாண்டி, ஒடித்த கிளைகளின் அடியில் நுழைந்து, கல் உருவிய ஓட்டை வழியாக ஓடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக்கு அப்பால் உலர்ந்த புல் மெல்ல ஆடியது.

அக்கா நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இல்தோ அம்மா, திரும்பிப் பாரு.”

திரும்பினேன். தாழ்ந்த மூலையில் மற்ற மரங்களெல்லாம் இலை கருகி நின்றன. அந்த இருக்கைக்கு நேர் எதிரே இருந்த சில மரங்கள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. ஒரு இலைகூடச் சுருளவில்லை. இத்தனை வருஷமாக அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. அக்கா அந்த வாரத்தில் எப்போதும் மரங்களுக்கு முதுகைக் காட்டி, அண்ணனைப் பார்த்துத்தான் உட்கார்வாள். மற்ற நாளில் உள்ளே நுழைந்து வேலை செய்யும்போது எது கருகியது என்று தேடத்தான் கண் போகுமே தவிர எது தப்பியது என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? தப்பியதைப் பார்த்திருந்தாலும் அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்போம்.

அக்கா எழுந்தாள். அந்த ஓட்டை எவ்வளவு உயரம் என்று கையை வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை உயரம், அவ்வளவுதான். அதற்குமேல் கிளைகள் அடர்ந்து, காற்று நுழைய வழியில்லாமல் நின்றன.

“மரத்தை வெட்ட வேண்டாம்” என்றாள். “பாவாடையை மட்டும் தூக்கிக் கட்டினாப் போதும்.”

அன்று இருட்டும்வரை, மறுநாள் விடிந்ததிலிருந்து, அதற்கடுத்த நாளும், அதே வேலை. இல்தோ மெஷினால் கிளைகளை அறுத்தான். அக்கா அந்தக் கைரம்பத்தால் அறுத்தாள். கொண்டுவந்து கொண்டுபோய்த் தேய்ந்த ரம்பத்துக்கு முதல்முறையாக வேலை கிடைத்தது. செய்தி பரவி, பறிப்புக்கு வரும் பெண்கள் நாலைந்து பேர் வந்து கிளைகளை இழுத்துப் போட்டார்கள். அடிமதிலில் அங்கங்கே கற்களை உருவினோம். முடித்தபோது தேவதாருக்கள் ஓடையைக் கடக்கத் துணியைத் தூக்கிப் பிடித்தவர்கள்போல் வெறுங்காலோடு வரிசையாக நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. சொல்லாமல் செய்துவிட்டோமே, அவர் என்ன சொல்வாரோ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

குளிர் சொன்னபடி வந்தது. பனி கொட்டி பஸ் நின்றது, விமானம் நின்றது, ஊர்க் குழாய்கள் வெடித்தன. என் தோட்டத்தில் ஒதுக்குப்புறமாக நின்ற சில மரங்கள் போயின. அக்கம்பக்கத்துப் பள்ளத் தோட்டங்களில் முழு வரிசையாகவே போயின. பனி உருகியதும் அக்கா தாழ்ந்த மூலையில் ஒவ்வொரு மரமாகப் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனிக்கிளைகள் கருகியிருந்தன. பட்டைக்கு அடியில் எல்லாம் பச்சை. கடைசி மரத்தைச் சுரண்டிவிட்டு அதன் தண்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கிபோங் அண்ணன் வசந்தத்தில் ஊன்றுகோலோடு வந்தார். கிளைகளை அறுத்ததை அக்கா ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தாள், அவர் நம்பவில்லை போலும். டாக்ஸியை வீட்டுக்கு விடாமல் நேரே தோட்டத்துக்கு விடச் சொன்னார். வெறுங்காலோடு நிற்கும் தன் தேவதாருக்களைப் பார்த்தார். குனிய முடியாததால் ஊன்றுகோலைக் கீழே நுழைத்து ஆட்டிப் பார்த்தார். “புயல் வரட்டும், பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார். கோடை முழுக்க டிவியில் வானிலை வந்தால் எழுந்துபோய் முன்னால் நிற்பாராம். அக்கா சோறே இறங்காமல் மெலிந்தாள். ஆவணியில் புயல் வந்தது, பெரியதுதான். காய்கள் கொட்டின, என் பாலிதீன் கொட்டகை பறந்தது. வரிசை நின்றது. கீழே நுழைந்த காற்று புல்லைத்தான் அசைத்தது, கிளையைத் தொடவில்லை. அன்று மாலை அண்ணன் எனக்கு ஒரு கூடைப் பலகாரம் கொடுத்தனுப்பினார். என் கொட்டகை பறந்ததற்கு ஆறுதலாம்.

மறுபடி சின்குகான் வந்தது. இனி காவல் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் முதல் நாளே அவர் ஊன்றுகோலை ஊன்றிப் போய்த் தன் உரச்சாக்கில் உட்கார்ந்துவிட்டார். மதியம் அக்கா டப்பாவோடு வந்தாள்.

“ரம்பம் எங்க?” என்றார்.

“எதுக்கு ரம்பம்?”

“அது இல்லாம வர்றது ஒரு மாதிரியா இருக்கு.”

அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பிறகு, ஒரு வருஷமாக உள்ளுக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள். நான் மதிலருகே கிளை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிளை ஒன்றும் அங்கே கிடக்கவில்லை.

“ஹேயோன் அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான்தான் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நீங்க அத்தனை வருஷமும் இந்தப் பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தீங்க? உங்க எதிர்ல இருக்கற மரம் மட்டும் கருகாம நிக்கறது ஒருநாள்கூடக் கண்ணுல படலையா?”

அவர் தோசையைக் கடித்து மென்று விழுங்கினார்.

“நான் மரத்தை எங்க பார்த்தேன்?” என்றார். “நீ வர்ற வழியைத்தானே பார்த்துட்டு இருந்தேன்.”

அக்கா எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டாள். அவர் ஊன்றுகோலை நகர்த்தி இடம் விட்டார். இருவரும் தேவதாருவில் சாய்ந்து, தாழ்ந்த மூலை மரங்களைப் பார்த்தபடி மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.